அபார்ட்மென்ட் கமிட்டிகள் பணத்தைக் கோட்டை விடும் இடங்கள்

அசோசியேஷன் பணம் கரைந்துபோனால் யாரோ அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பேச்சு கிளம்பும். ஆனால் சென்னையில் இருபது வயது தாண்டிய கட்டடங்களில் பணம் போகிற வழி பெரும்பாலும் வேறு. என்ன வேலை என்று எழுதாமலே விலை கேட்பதும், செய்ய வேண்டியதை மூன்று மழைக்காலம் தள்ளிப்போடுவதும்தான் அந்த வழி.

பெயின்ட் வேலையையே எடுத்துக்கொள்வோம். "வெளியே பெயின்ட் அடிக்கணும், கொட்டேஷன் கொடுங்க" என்று மூன்று கான்ட்ராக்டர்களிடம் சொன்னால், மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை வரும். ஒருவர் பிரைமரோடு இரண்டு கோட் கணக்குப் போட்டிருப்பார். இன்னொருவர் பிரைமரை விட்டிருப்பார். மூன்றாமவர் விரிசல் மேல் பட்டி தடவி மூடிவிடுவார். குறைந்த விலையைப் பிடித்துவிட்டோம் என்று கமிட்டி நினைக்கும். பிடித்தது குறைந்த வேலையை.

ஆகவே முதல் தாளை கமிட்டியே எழுத வேண்டும். பிரஷர் வாஷ் உண்டா, பெயின்ட்டின் பிராண்டும் ரகமும் எது, எத்தனை கோட், சதுர அடியை எப்படி அளப்பது, ஜன்னல் பரப்பைக் கழிப்பதா, சாரம் யார் செலவு? எல்லோரும் அதே தாளுக்குத்தான் விலை போட வேண்டும். வேலை நடக்கும்போது பெயின்ட் வாளிகளைக் கமிட்டி ஆள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், காலி வாளிகளை எண்ணி வையுங்கள். வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 50 முதல் 60 சதுர அடி பிடிக்கும். 30,000 சதுர அடிச் சுவருக்கு 20 லிட்டர் வாளி 25 முதல் 30 வரை தேவை. பதினைந்து வாளியில் முடிந்துவிட்டால் மீதி தண்ணீர்தான்.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு டிசம்பரில் ஆரம்பித்தால் சுவருக்குள் ஈரம் இருக்கும். மறுவருஷமே பெயின்ட் கொப்பளம் போடும். பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம்.

இதைவிடப் பெரிய தவறு, காரை பெயர்ந்து கம்பி தெரிகிற இடங்களை சிமென்ட் பூசி மூடி அதன் மேல் பெயின்ட் அடிப்பது. கம்பியில் உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. மேலே எதைப் பூசினாலும் உள்ளே துரு நிற்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் இது இன்னும் வேகமாக நடக்கும். சரியான வரிசை இது: சுத்தியலால் தட்டி, உள்ளே கூடாக இருப்பது போன்ற சத்தம் வரும் இடங்களைக் குறிப்பது, கம்பிக்குப் பின்புறம் வரை கான்கிரீட்டைக் கொத்தி எடுப்பது, துருவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பது, பழைய கான்கிரீட்டோடு ஒட்டுவதற்கான பூச்சு கொடுப்பது, பிறகு பாலிமர் கலந்த மோர்ட்டாரை (சிமென்ட் கலவையை) மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவது. கம்பி வெகுவாக மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மேஸ்திரி இல்லை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்.

கொத்திப் பார்க்கும்வரை சேதம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்த வேலையை மொத்தத் தொகைக்குப் பேசாதீர்கள். அப்படிப் பேசினால் கான்ட்ராக்டர் கொத்துவதைக் குறைத்துக்கொள்வார். சதுர அடி விலை பேசி, தினமும் இரு தரப்பும் சேர்ந்து அளந்து நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸ் பத்து சதவீதத்தோடு நிறுத்தி, வேலை நடந்த அளவுக்குப் பில் கொடுத்து, கடைசி ஐந்து முதல் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை கையில் வைத்திருங்கள்.

மொட்டைமாடி ஒழுகலிலும் அவசரம்தான் எதிரி. கடைசி மாடி வீட்டில் ஓதம் என்றதும் வெள்ளைக் கோட்டிங் அடித்துவிடுகிறார்கள். அடியில் உள்ள செங்கல் ஜல்லிக் காரை நொறுங்கியிருந்தால் அந்தக் கோட்டிங் ஓரிரு வருஷத்தில் உரிந்துவிடும். முதலில் மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் வையுங்கள். கீழே ஈரம் வரவில்லை என்றால் குற்றவாளி மொட்டைமாடி இல்லை. பாத்ரூம் குழாயோ, வெளிச்சுவர் விரிசலோ. டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் ஸ்டாண்டுக்கும் தரையில் போட்ட போல்ட் துளைகளைப் பலர் பார்ப்பதே இல்லை.

"எப்படியும் இடித்துக் கட்டப் போகிறோமே" என்று பழுதைத் தள்ளிப்போடும் கமிட்டிகள் இப்போது அதிகம். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். ஆனால் பில்டரோடு பேச்சு ஆரம்பிப்பதற்கும் கட்டடம் காலியாவதற்கும் நடுவே வருஷங்கள் ஓடும். பால்கனி அதுவரை காத்திருக்காது.

மெயின்டனன்ஸ் தொகையைக் குறைவாக வைத்திருப்பதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்வது இன்னொரு வியாதி. 40 வீடுள்ள கட்டடத்துக்கு ஒரு உத்தேசக் கணக்கு: பெயின்ட் 16 லட்சம், 8 வருஷத்துக்கு ஒருமுறை; இரண்டு லிஃப்ட் 24 லட்சம், 20 வருஷம்; மொட்டைமாடி 8 லட்சம், 10 வருஷம்; மோட்டாரும் ஜெனரேட்டரும் 6 லட்சம், 12 வருஷம். வருஷத்துக்கு நாலரை லட்சம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு மாதம் சுமார் 940 ரூபாய். வாட்ச்மேன் சம்பளமும் கரன்ட் பில்லும் போக இது தனியாக, தனிக் கணக்கில் சேர வேண்டும். இதை வசூலிக்காத கட்டடத்தில் ஒரு நாள் வீட்டுக்கு அறுபதாயிரம் கேட்டு நோட்டீஸ் ஒட்டுவார்கள், பாதிப் பேர் கொடுக்கமாட்டார்கள்.

வரி விஷயத்தில் மூன்றே செய்தி. ஒரு உறுப்பினரின் மெயின்டனன்ஸ் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் வருட வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மாதம் 8,000 ரூபாய் என்றால் முழுத் தொகை மீதும் வரி, அதாவது 1,440 ரூபாய், என்பது 2019-இல் வந்த சுற்றறிக்கையின் கணக்கு. 7,500-க்கு மேற்பட்ட 500-க்கு மட்டும், அதாவது 90 ரூபாய், என்பது 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. எதைப் பின்பற்றுவது என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். இரண்டாவது, கார்ப்பஸ் ஃபண்டை (சங்கத்தின் சேமிப்பு நிதியை) வங்கி டெபாசிட்டில் போட்டால் அதன் வட்டி வரிக்கு உட்பட்டது. உறுப்பினர் பணம்தானே என்ற வாதம் அங்கே செல்லாது. மூன்றாவது, பதிவு செய்த சங்கம் கான்ட்ராக்டருக்கு ஒரே பில்லில் 30,000 ரூபாய்க்கு மேலோ, வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேலோ கொடுத்தால் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே கழித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும்.

செப்டிக் டேங்க், கழிவுநீர்த் தொட்டி விஷயத்தில் பேரமே கூடாது. எந்த ஆளையும் உள்ளே இறக்காதீர்கள், "அஞ்சு நிமிஷம்தான் சார்" என்று அவரே சொன்னாலும். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஓரிரு மூச்சில் மயக்கும்; காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அப்படித்தான் சாகிறார். பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம், வேலைக்கு அமர்த்தியவர் மேல் வழக்கு பாயும். சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. உரிமம் பெற்ற லாரியையும் இயந்திரத்தையும் மட்டும் கூப்பிடுங்கள். குடிநீர் சம்ப்பிலும் (நிலத்தடித் தொட்டியிலும்) ஆக்ஸிஜன் குறையலாம். ஆள் இறங்கும் முன் மூடிகளைத் திறந்து நன்றாகக் காற்றோட விட வேண்டும்.

லிஃப்ட் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுக்கும்போது "காம்ப்ரிஹென்சிவ்", அதாவது எல்லாம் அடக்கம், என்ற சொல்லை நம்பி நிறுத்தாமல், ரோப், கன்ட்ரோலர் கார்டு, மோட்டார் ரீவைண்டிங், கதவு பாகங்கள் ஒவ்வொன்றும் அதில் உண்டா என்று கேளுங்கள். பெரிய செலவு எல்லாம் விலக்குப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கும்.

பாக்கி வைத்தவர் வீட்டுத் தண்ணீரைக் கட் பண்ணுவது கமிட்டிக்கு இனிப்பான யோசனை, கோர்ட்டில் கசப்பாக முடியும். பாக்கிக்காரர் அன்றைக்கே பாதிக்கப்பட்டவராக மாறிவிடுவார். எழுத்தில் நினைவூட்டல், பிறகு வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு என்று போங்கள். பைலாவில் (சங்க விதிகளில்) இருந்தால்தான் வட்டி கேட்க முடியும். பண பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் காலக்கெடு என்பதால், "நம்ம பிளாக்காரர்தானே" என்று விட்டுவைத்த பழைய பாக்கி பாதி செத்துப்போயிருக்கும்.

வழக்கு என்று போனால் முதலில் கேட்பது ஆவணங்களைத்தான். வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் காட்டியது தீர்மானம் ஆகாது. பொதுக்குழு அறிவிப்பு, வருகைப் பதிவேடு, கையெழுத்திட்ட மினிட்ஸ் வேண்டும். செக்ரட்டரியும் ட்ரெஷரரும் மாறினால் சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7 தாக்கல் செய்யுங்கள். அதைச் செய்யாத சங்கத்துக்கு வங்கிக் கையெழுத்தை மாற்றுவதே பெரும்பாடாகிவிடும். பழைய ட்ரெஷரர் அதற்குள் வீட்டை விற்றுவிட்டு அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருப்பார்.