பாக்ஸர் குட்டி வாங்கியிருக்கிறீர்களா? நான் செய்ததைச் செய்யாதீர்கள்

எதிர்வீட்டுக்குப் போன மாதம் ஒரு பாக்ஸர் இன நாய்க்குட்டி வந்திருக்கிறது. பழுப்பு நிறம், நெஞ்சில் வெள்ளை. யார் போனாலும் எழும்பி நின்று முன்னங்கால்களால் வேட்டியைப் பிடித்துக்கொள்கிறது. "பாருங்க சார், கை குடுக்குது!" என்று வீட்டுக்காரர் பூரித்துப்போகிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் பாக்ஸர் ப்ரூனோ குட்டியாக இருந்தபோது இதே வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன்.

அடிக்காதீர்கள், சாக்லேட் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் வழுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தாவுவதை ரசிப்பது

எட்டு கிலோ குட்டி மேலே தாவினால் கொஞ்சத் தோன்றும். வளர்ந்த ஆண் பாக்ஸர் 30 கிலோவைத் தாண்டும். இதன் மூதாதைகள் ஜெர்மனியில் காட்டுப்பன்றியைப் பாய்ந்து கவ்வி, வேட்டைக்காரன் வந்து சேரும்வரை விடாமல் பிடித்திருந்த நாய்கள். நெஞ்சால் மோதுவதும் முன்னங்காலை நீட்டுவதும் ரத்தத்தில் ஊறியவை. நாம் கற்றுத்தர வேண்டியதில்லை, கூலி கொடுக்காமல் இருந்தாலே போதும்.

நான் கூலி கொடுத்தேன். ப்ரூனோவுக்கு 14 மாதம். மார்கழி முதல் வாரம், விடியற்காலை. அம்மா கோயிலிலிருந்து வெண்பொங்கல் தொன்னையோடு கேட்டைத் திறந்தார். கொக்கிச் சத்தம் கேட்டதும் முந்திரிக்கொட்டை மாதிரி உடம்பை வளைத்துக் குலுக்கிக்கொண்டு ஓடினான், தாவினான். அம்மா படியில் விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த மார்கழி முழுக்க எங்கள் வாசலில் கோலம் இல்லை. நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டிருக்க, அவன் சிந்திய பொங்கலை நக்கிக்கொண்டிருந்தான். தாவியதற்குப் பரிசு வேறு!

எரிச்சல் நாய்மீது இல்லை, என்மீதுதான். ஆபீஸ் சட்டையில் இருந்தால் "சீ, இறங்கு" என்பேன். லுங்கியில் இருந்தால் "வாடா தங்கம்". சட்டைக்கும் லுங்கிக்கும் அவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? பத்து முறையில் ஒரு முறை கொஞ்சல் கிடைத்தால் போதும், லாட்டரி வாங்குகிறவனைப் போல பதினோராவது முறையும் தாவும். யாரோ சொன்னார்கள் என்று முழங்காலால் நெஞ்சில் தள்ளியும் பார்த்தேன். மல்யுத்தத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து இரட்டிப்பு உற்சாகத்தோடு வந்தான். "டவுன்! டவுன்!" என்று கத்துவதும் அப்படித்தான். அவனைப் பொறுத்தவரை நாம் அவனோடு பேசுகிறோம்.

கடைசியில் பலித்தது இது. தாவினால் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிவிடுங்கள். பார்வையும் கூடாது, பேச்சும் கூடாது. நாலு காலும் தரையில் பட்ட அந்த நொடியே பேசுங்கள், ட்ரீட்டைத் தாழ்வாகக் கொடுங்கள். முதல் சில நாள் முன்பைவிட மோசமாகத் தாவும். பலர் கைவிடுவது அங்கேதான். அதைத் தாண்டியதும் உட்காரப் பழக்குங்கள். செயினைப் பிடித்துக்கொள்ளுங்கள், விருந்தாளி இரண்டடி தள்ளி நிற்கட்டும். பின்புறம் தரையில் இருந்தால் அவர் கிட்டே வருவார், எழுந்தால் பின்வாங்குவார்.

எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. என் மச்சான் இல்லையென்றால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். வரும்போதெல்லாம் நெஞ்சைத் தட்டி, "எனக்குப் பரவால்ல மாப்ள, தாவட்டும்" என்பார். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வார உழைப்பு போச்சு. நாயைவிட சொந்தக்காரர்களைப் பழக்குவதுதான் கஷ்டம்.

ஆளுக்கொரு சொல்

நான் "சிட்", மனைவி "உட்காரு", பையன் "சிட் டவுன்", அம்மா "உக்காருடா கண்ணா". ஒரு சொல்லை முடிவு செய்து ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

பழைய செருப்பு

கடிக்கக் கொடுக்காதீர்கள். எது பழையது, எது புதியது என்று அதற்குத் தெரியாது.

களைத்தால் அடங்கும் என்று வெயிலில் ஓடவிடுவது

சப்பை மூக்கு நாய். மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும், அதற்கு அந்த மூக்கு போதாது. நம் ஊர் வெயிலில் ஓடவிட்டால் உயிருக்கே ஆபத்து. விடிவதற்குள் நடையை முடித்துவிடுங்கள். பகலில் சேட்டை செய்தால் பழைய துண்டில் உணவை உருட்டிச் சுருட்டிக் கொடுங்கள். கால் மணி நேரம் மோப்பம் பிடித்துப் பிரித்தாலே சொக்கிப் படுத்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள இந்த வகை நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

தீபாவளி மாத்திரை

பட்டாசுக்கு மிரளும் நாயை அமைதிப்படுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏசிப்ரோமசின் என்ற மருந்தில் சில பாக்ஸர்கள் சுருண்டு விழுந்துவிடும்.

"வளர்ந்துவிட்டது" என்று நம்புவது

ஒரு வயதில் வளர்வது உடம்புதான். புத்தி வர இரண்டு, மூன்று வயது ஆகும். அதுவரை குட்டி என்றே நினைத்துப் பழக்குங்கள்.

ப்ரூனோவுக்கு இப்போது 9 வயது, முகம் நரைத்துவிட்டது. கேட் கொக்கிச் சத்தம் கேட்டால் பின்புறத்தைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு மிச்ச உடம்பை மட்டும் ஆட்டுகிறான். அம்மா இன்னமும் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுகிறார்.