கொல்லையில் பாம்பு: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு செய்முறை

செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி வீடு கட்டிக் குடிவந்த முதல் ஐப்பசியிலேயே கிணற்றுச் சுவரில் ஒரு பாம்புச் சட்டை தொங்கியது. தலை முதல் வால் வரை கிழியாமல், கண் இருந்த இடத்தில்கூடக் கண்ணாடி போல ஒரு செதில். அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. இன்று அதே கொல்லையில் ஒரு சாரை வளைய வருகிறது, நாங்களும் நிம்மதியாகத் தூங்குகிறோம். இடையில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். ஏரி, வயல், காலி மனை பக்கத்தில் புதிதாக வந்திருப்பவர்களுக்கு இது உதவும்.

முதல் படி: நான்கு பேரை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்ப் பக்கம் பாம்புக்கடி உயிரிழப்புகளுக்குப் பெரும்பாலும் காரணம் நான்கே பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வீட்டைச் சுற்றி அடிக்கடி தென்படும் சாரை, தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறி மூக்கன் எல்லாம் விஷமற்றவை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, மரமேறிச் சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பார்கள். பாவம், அது பல்லியையும் தவளையையும் தின்று பிழைக்கும் பாம்பு.

நல்ல பாம்பு படம் எடுத்தால் குழப்பமில்லை. எடுக்காதபோது சாரை என்று நினைத்து அருகில் போகிறவர்கள் உண்டு. கண்ணாடி விரியன் தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்ததுபோல மூன்று வரிசை முட்டை வடிவப் புள்ளிகள். சீறினால் குக்கரில் ஆவி வெளியேறுவதுபோலக் கேட்கும். மண்ணுளி என்று நினைத்துத் தொடுகிறவர்கள் இதனிடம்தான் மாட்டுகிறார்கள். சுருட்டை விரியன் ஒன்றரை அடிகூட இருக்காது, உடம்பை உரசி ரம்பம் அறுப்பதுபோலச் சத்தம் எழுப்பும்.

அதிகம் குழப்புவது கட்டு விரியன். வீட்டுச் சுவரில் பல்லி பிடிக்க ஏறும் வெள்ளிக்கோல் வரையனும் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் அதற்கு விஷம் கிடையாது. வரையனுக்குப் பட்டை கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். கட்டு விரியனுக்குத் தலைப்பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும், மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக வரும். இதை எல்லாம் தூரத்திலிருந்து பார்ப்பதற்காகச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் கட்டு விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எலியைக் கவனியுங்கள்

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடி வருகிறது. அதனால் வேலை எலியிலிருந்து தொடங்க வேண்டும். நெல் மூட்டை, கோழித்தீவனம், சிந்திய சோறு எதுவும் திறந்து கிடக்கக் கூடாது. விறகு, செங்கல், ஓடு, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, முடிந்தால் ஒரு மேடைபோல உயர்த்தி அடுக்குங்கள். விறகு எடுக்கப் போகும்போது முதலில் ஒரு கம்பால் தட்டுங்கள். பாம்பு தரையின் அதிர்வை நன்றாக உணரும், வழி இருந்தால் தானே விலகும்.

பூண்டு கரைசல், ஃபினாயில், பாச்சை உருண்டை, கடையில் விற்கும் பாம்பு விரட்டித் தூள் எதையும் நம்பிப் பணத்தை விடாதீர்கள். நானும் ஒரு வருடம் வீட்டைச் சுற்றி ஃபினாயில் ஊற்றினேன். அந்தக் கோட்டைத் தாண்டித்தான் சாரை போனது, கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் படி: வீட்டுக்குள் வரும் வழியை அடைத்துவிடுங்கள்

கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் குட்டிப் பாம்புக்கு அது போதும். ரப்பர் பட்டை அடியுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கம்பி வலை, ஜன்னலைத் தொடும் கொடி, கிளைக்குக் கத்தி. வாசலில் விடும் செருப்பையும் ஷூவையும் தட்டிவிட்டுப் போடுங்கள்.

நான்காம் படி: படுக்கையும் வெளிச்சமும்

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். கட்டு விரியன் பகலில் சோம்பிக் கிடக்கும், இரவில் இரை தேடும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடிவாயில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலி, வாந்தி, கண் இமை தூக்க முடியாமல் தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று தொடங்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்து பறிகொடுத்த குடும்பங்கள் நம் கிராமங்களில் எத்தனையோ.

கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகுங்கள். கொசுவுக்காக வாங்கிய வலைதான், ஆனால் பாம்புக்கும் அது நல்ல தடுப்பு. இரவில் கழிப்பறைக்குப் போனாலும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாலும் கையில் டார்ச், காலில் செருப்பு. டார்ச்சைத் தலையணைப் பக்கத்திலேயே வையுங்கள். இருட்டில் தேடி எடுக்க வேண்டிய டார்ச்சை யாரும் எடுப்பதில்லை.

ஐந்தாம் படி: நேருக்கு நேர் பார்த்துவிட்டால்

வெளியில் என்றால் நில்லுங்கள், பிறகு மெதுவாகப் பின்னால் வாருங்கள். அது போய்விடும். தவிட்டுக்குருவிக் கூட்டமும் அணிலும் ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் கத்தினால், அந்தப் பக்கம் போகாதீர்கள். எங்கள் முருங்கை மரத்தடியில் எத்தனையோ தடவை அவைதான் முதலில் தகவல் சொல்லியிருக்கின்றன.

வீட்டுக்குள் என்றால் குழந்தைகளையும் நாயையும் வெளியேற்றுங்கள். உள்ளறைக் கதவைச் சாத்தி, அடியில் துணியைச் சுருட்டி வையுங்கள். வாசல் கதவு திறந்திருக்கட்டும். ஒருவர் மட்டும் பத்தடி தள்ளி நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும், எங்கே போனது என்று தெரியாமல் போவதுதான் பெரிய தலைவலி. இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் கூப்பிடட்டும், அல்லது வனத்துறைக்கோ உள்ளூரில் அனுமதியுடன் பாம்பு பிடிப்பவருக்கோ சொல்லட்டும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், கம்பெடுத்து அடிக்காதீர்கள். கடி வாங்குவது பெரும்பாலும் அடிக்கப் போகிறவர்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அடிப்பது குற்றமும்கூட.

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தவர் ஓர் இருளர் பெரியவர். துணி அலமாரிக்குப் பின்னால் இருந்த நல்ல பாம்பை ஒரு கொக்கியால் தூக்கிப் பையில் விட்டார், மொத்தமே இரண்டு நிமிடம். அதைவிட மனதில் நின்றது அவர் தரையைப் பார்த்த விதம். தூசியில் இருந்த ஒரு மங்கலான தடத்தைக் காட்டி, "இது உள்ள வந்த வழி, போன வழி இல்லை" என்றார். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, சில தடவை விஷம் எடுத்துவிட்டு மறுபடி வெளியில் விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் தெருவே மகிழ்ந்தது.

ஆறாம் படி: கடித்துவிட்டால்

இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், பச்சிலை தேடி ஓடாதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், வீங்கினால் அவையே இறுக்கும். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவதுபோல ஒரு பலகை அல்லது கம்பு வைத்து, கடிபட்ட பாகம் அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்று தோன்றினால் பைக்கில் நடுவில் உட்கார வைத்தாவது கிளம்புங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த நான்கு பாம்புகளுக்கும் ஒரே மருந்துதான் கொடுக்கிறார்கள்.

விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகச் சேர்த்தது, அதாவது கடிபட்டு வருகிறவர்களின் கணக்கை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல விஷயம். ஆனால் உங்கள் வீட்டுக்கு அருகில் எங்கே மருந்து இருக்கிறது, இரவில் மருத்துவர் இருப்பாரா என்பதை நீங்கள்தான் கேட்டு வைக்க வேண்டும். இந்த வாரமே ஒரு நடை போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் எந்த மருத்துவமனை, எத்தனை நிமிடம் என்று கேட்டு, ஃபோன் எண்ணோடு அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அது காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, பாட்டிக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.