மனக்குறையை மனுவாக்குவது எப்படி: பெங்களூருத் தமிழர்களுக்கு

பெங்களூரில் நம்மவர் வீடுகளில் இரவுச் சாப்பாட்டின்போது எழும் பேச்சைக் கேட்டால், ஏறிப்போன வாடகை, மகனுக்குக் கிடைக்காத வேலை, அடைத்துக்கொண்ட சாக்கடை, ஆளுங்கட்சி எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். இப்படி மொத்தமாகக் கொட்டிய குறைக்கு எந்த அதிகாரியாலும் பதில் சொல்ல இயலாது. ஆகவே முதலில் ஒரு நோட்டு வாங்கி, ஒரு வாரத்துக்கு உங்கள் மனத்தை உறுத்தியவற்றைத் தேதியும் நேரமும் இடமும் குறித்து எழுதுங்கள். "தெரு நாறுகிறது" என்று எழுதாமல், "மூன்றாவது கிராஸில், ரேஷன் கடைக்கு எதிரே, பத்து நாளாகச் சாக்கடைக்கு மூடியில்லை, பள்ளிப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்" என்று எழுதுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு குறைக்கும் எதிரே அதைத் தீர்க்கக் கடமைப்பட்டவர் யார் என்று குறியுங்கள். முன்பணத்தைத் தராத வீட்டுக்காரர், சம்பளத்தைப் பிடித்துவைத்த முதலாளி, மாநகராட்சிப் பொறியாளர் என ஆள் பிரிந்துவிடும். சிலவற்றுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். மகன் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்ற வருத்தத்தை அரசின்மேல் ஏற்றிவிட்டால் அந்த வருத்தமும் தீராது, அரசிடம் கேட்க வேண்டிய நியாயமும் மங்கிப்போகும். அதை நெருங்கிய ஒருவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

தெருக்குறையை முறைப்படி வார்டு கவுன்சிலரிடம் கொண்டுபோக வேண்டும். ஆனால் 2015 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டபோதும் புதிய தேர்தல் நடந்திருக்கவில்லை. பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் தந்த விதி. நாம் யாரிடம் முறையிடுவது என்றே தெரியாமல் ஐந்தாண்டுகள் தவிக்கவிட்டதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. இதை நோட்டில் தனிப்பக்கமாக எழுதி, வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும் அவர்முன் விரித்துக் காட்டுங்கள்.

கவுன்சிலர் இல்லாதபோது, நோட்டில் நீங்கள் குறித்த அதிகாரிக்கே மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். 1991இலும் 2016இலும் காவிரியின் பெயரால் நடந்த கலவரங்களைப் பார்த்தவர்கள், நாம் வாய்திறந்தால் மொழிச்சண்டையாகிவிடுமோ என்று இன்னும் ஒதுங்கி நிற்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் திறந்து கிடக்கும் சாக்கடைக்கு மொழி கிடையாது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரும் எதிர்வீட்டு உருதுக்காரரும் உங்களோடு கையெழுத்திட்டால் அது தெருவின் மனுவாகிவிடும். எழுதத் தெரியாவிட்டால், கன்னட வழியில் படிக்கும் தெருப்பிள்ளை ஒருத்தியை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவள் நம்மைவிடத் தெளிவாகவே எழுதுவாள்.

இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை நான் ஓர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுத் திரும்பினேன்; அடுத்த மாதம் போனபோது அப்படியொரு தாளே வரவில்லை என்றார்கள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் பிரதியில் முத்திரை, தேதி, பெற்றவரின் கையெழுத்து மூன்றும் விழும்வரை ஜன்னலைவிட்டு நகராதீர்கள்.

பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். கர்நாடக விதிப்படி ஒரு விண்ணப்பம் ஒரே பொருளைப் பற்றியதாக, ஏறத்தாழ 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். இந்தத் தேதியிட்ட மனுவின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் காட்டும் கோப்பின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதிலில்லையென்றால், அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கடைசி நாளை இன்றைக்கே சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.