பிவிசி குழாயில் போர்வைக் கூடாரம்: படுக்கையறைக்கு ஏற்ற லேசான சட்டம்

இரண்டு நாற்காலிக்கு நடுவே போர்வையை விரித்தாலே கூடாரம்தான். ஆனால் யாராவது நாற்காலியை இழுத்ததும் சரிந்துவிடும். பிவிசி குழாயில் ஒரு சட்டம் செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பசை, ஆணி எதுவும் வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு சிறுவர்கள் உட்காரும் அளவு இது.

தேவையானவை: முக்கால் இஞ்ச் குழாய், 3 மீட்டர் நீளத்தில் 4. மூலைக்கான மூன்று வழி எல்போ (குழாய்களை மூலையில் இணைக்கும் வளைவுத் துண்டு) 6. சாதாரண எல்போ 2. கயிறு 12 மீட்டர், இரட்டைக் கட்டில் விரிப்பு 2, துணிக் கிளிப்புகள்.

எல்போ வாங்கும்போது கவனம். 'டி' இணைப்புக்கும் மூன்று வாய் உண்டு, ஆனால் மூன்றும் ஒரே தளத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது, ஒரு வாய் மேலே பார்த்தால் மற்ற இரண்டும் பக்கவாட்டில், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பார்ப்பது. அரை இஞ்ச் குழாய் மலிவுதான். துணி ஏறியதும் வளைந்துவிடும்.

1. ஒவ்வொரு குழாயையும் 99 சென்டிமீட்டர் வீதம் மூன்றாக வெட்டுங்கள். ரம்பம் தின்னும் தூளுக்காகத்தான் அந்த ஒரு சென்டிமீட்டர் குறைவு. வெட்டுவதை அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் நிற்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

2. தரையில் மூன்று குழாய்களை 'ப' வடிவில் இணையுங்கள். பின்மூலைகளில் மூன்று வழி எல்போ, முன்நுனிகளில் சாதாரண எல்போ. வாசல் பக்கம் குழாய் கிடையாது, அதனால் கால் தடுக்காது.

3. நான்கு தூண்களைச் செருகுங்கள். மேல் சதுரத்தைத் தனியாகச் சேர்த்து, தூண்களின் மேல் வைத்து, எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். இணைப்பு தளர்வாக இருந்தால் குழாய் நுனியில் ஒரு சுற்று காகித டேப் போதும்.

4. இப்போது மேல் பக்கம் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள். சட்டம் அப்படியே சாயும். பலரும் இங்கேதான் பசையைத் தேடுவார்கள், தேவையில்லை. சதுரம் எளிதில் சாயும், முக்கோணம் சாயாது. பின்பக்கத்திலும் இரண்டு பக்கவாட்டிலும் மூலைக்கு மூலை கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். கயிறு இழுவையை மட்டும்தான் தாங்கும், அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கயிறு, பெருக்கல் குறிபோல. இரண்டு மூலைவிட்டமும் ஒரே நீளமா என்று அளவு டேப்பால் அளந்துவிட்டு முடிச்சை இறுக்குங்கள். தொங்கும் நுனிகளை ஒட்ட வெட்டிவிடுங்கள், குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

5. பன்னிரண்டாவது துண்டு மிச்சம் இருக்கும். அதை மேலே நடுவில் குறுக்காக வைத்துக் கட்டினால் துணி தொய்யாது.

6. ஒரு விரிப்பு மேலேயும் பக்கங்களிலும், இன்னொன்று பின்னால். பக்கங்களில் துணி தரையைத் தொடாமல் நிற்கும். காற்றுக்கு அதுவே வழி, இழுத்து மூடாதீர்கள். கனமான கம்பளி வேண்டாம்.

உள்ளே விளக்கு வேண்டுமென்றால் பேட்டரி எல்இடி மட்டும். மெழுகுவத்தி கூடவே கூடாது, ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள். சட்டத்தில் தொங்கவோ ஏறவோ விடாதீர்கள். இடம் மாற்றும்போது கீழ்க்குழாயைப் பிடித்து நகர்த்துங்கள். மேலே பிடித்துத் தூக்கினால் இணைப்புகள் கழன்றுவிடலாம்.

பிரித்து வைப்பது சுலபம். துண்டுகள் எல்லாம் ஒரே நீளம் என்பதால் எது எங்கே என்று குறித்து வைக்க வேண்டியதில்லை. கட்டாகக் கட்டி அலமாரிக்குப் பின்னால் செருகிவிடலாம்.