எல்இடி மாஸ்க்: மாநிறத் தோலில் செய்யக்கூடாத தவறுகள்

எல்இடி மாஸ்க் என்பது முகமூடி போல மாட்டிக்கொண்டு தோலில் ஒளி பாய்ச்சும் கருவி. அதன் பெட்டியில் ‘ஏழு நிற ஒளி’ என்று போட்டிருந்தால் ஏழு பலன் கிடைக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். வீட்டுக் கருவிகளில் ஓரளவு உறுதியான ஆய்வுகள் இருப்பது மூன்று ஒளிகளுக்குத்தான். பருவுக்கு 415 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலம், மெல்லிய சுருக்கங்களுக்கு 630 முதல் 660 வரையிலான சிவப்பு, அதோடு சேர்த்துத் தரும் 830ஐ ஒட்டிய அகச்சிவப்பு. அலைநீளத்தை எண்ணாகச் சொல்லாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இந்த மூன்றில் நமக்குச் சிக்கல் தருவது நீலம். மாநிறத்திலும் கறுப்பிலும் நீல ஒளி, தோலுக்குக் கருமை தரும் மெலனின் நிறமியின் சுரப்பைத் தூண்டும். அந்தக் கருமை வாரக்கணக்கில் மறையாது. வெளுத்த தோலில் இது அநேகமாக நடப்பதில்லை. அதனால்தான் வெளிநாட்டு வீடியோக்களில் இந்த எச்சரிக்கையைப் பார்க்க முடிவதில்லை. பரு அடங்கும், அது இருந்த இடம் கறுத்துப்போகும். மங்கு (முகத்தில் படரும் கருந்திட்டு) உள்ளவர்கள் நீலத்தைத் தொடவே வேண்டாம். அவர்களுக்குச் சிவப்பிலும் கவனம் தேவை, ஏனென்றால் சூடும் மங்கைக் கூட்டும். மாஸ்க்கைக் கழற்றும்போது கன்னம் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் அந்தக் கருவியை நிறுத்திவிடுங்கள். மற்றவர்களும் நேராக முழு முகத்துக்குப் போகாமல், தாடைக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் ஒரு வாரம் போட்டு, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். குளியலறை விளக்கில் கருமை தெரியாது.

முகம் கழுவாமல் போடுவது அடுத்த தவறு. சன்ஸ்கிரீனில் உள்ள ஜிங்க் ஆக்சைடு ஒளியைச் சிதறடித்துவிடும். மஞ்சள் பூசும் பழக்கம் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை: மஞ்சளில் உள்ள குர்குமின் நீல ஒளியை நன்றாக உறிஞ்சி, அதோடு வினையும் புரியும். சோப்பு போட்ட பிறகும் மயிர்க்கால்களில் மஞ்சள் தங்கும் என்பதால், பூசிய நாளில் கருவியை எடுக்காதீர்கள். ரெட்டினால், அமில சீரம் போன்ற பூச்சுகள் எல்லாம் ஒளி முடிந்த பிறகுதான். எரிச்சல் இருந்தால் அன்று அந்தப் பூச்சுகளும் வேண்டாம்.

நேரத்தைக் கூட்டினால் பலன் கூடும் என்பதும் தப்புக் கணக்கு. ஒரு சதுர செ.மீ.க்கு 30 மில்லிவாட் தரும் மாஸ்க் 10 நிமிடத்தில் அதே பரப்புக்கு 18 ஜூல் ஒளி ஆற்றலைக் கொடுத்துவிடும். செல்கள் ஓர் அளவு வரைக்கும்தான் தூண்டப்படும்; அதைத் தாண்டினால் பலன் குறைய ஆரம்பிக்கும். கையேட்டில் வாரம் மூன்று முறை என்றிருந்தால் மூன்று முறையே போதும். முகத்தில் மாட்டாமல் எதிரே வைக்கும் பேனல் வகை என்றால் தூரத்தை டேப் வைத்து அளந்து உட்காருங்கள். 15 செ.மீ. என்று சொன்னதை 40 செ.மீ.யில் வைத்தால் தோலுக்குப் போய்ச் சேரும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். மாற்றம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

கண் விஷயத்தில் துளியும் சமரசம் வேண்டாம். இமையை மூடினாலும் சிவப்பு ஊடுருவும்; அகச்சிவப்பு கண்ணுக்கே தெரியாது என்பதால் கூசவும் கூசாது. 2019இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தன் நியூட்ரோஜினா பரு மாஸ்க்கைத் திரும்பப் பெற்றது. விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும், கண்ணில் ஒளிக்கூச்சத்தைக் கூட்டும் மருந்து எடுப்பவர்களுக்கும் பாதிப்பு வரலாம் என்ற கவலைதான் காரணம். கருவியோடு வரும் கண்மூடியைப் போடுங்கள்.

பருவுக்கு டாக்ஸிசைக்ளின் அல்லது ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள், லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. வெண்புள்ளிக்குத் தரும் 311 நானோமீட்டர் புற ஊதா விளக்கு முற்றிலும் வேறு கருவி. அதில் நேரம் நொடிக்கணக்கு. மருத்துவர் எழுதித் தந்த அளவைத் தாண்டினால் தோல் வெந்துவிடும்.