அரை அரை டிகிரியாகப் பிட்ச் வைப்பது

திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காசிமேட்டுப் படகு ப்ரொப்பெல்லரும் விமான ப்ரொப்பெல்லரும் ஒரே கணக்குதான்: பிட்ச், அதாவது இலையின் சாய்வுக் கோணம், கூடினால் எஞ்சின் திணறும், குறைந்தால் வீணாக அலறும்.

எனது விமானத்தின் எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ். உச்சம் நிமிடத்துக்கு 5800 சுற்று, அதுவும் 5 நிமிடம்தான். தொடர்ந்து ஓட்ட 5500. கியர் 2.43, அதாவது எஞ்சின் 2.43 சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று, என்பதால் உச்சத்தில் 68 அங்குல ப்ரொப்பெல்லரின் நுனி வேகம் நொடிக்குச் சுமார் 216 மீட்டர். ஒலி வேகத்துக்கு வெகு கீழே, நல்லது.

முதலில் இக்னிஷனை அணைத்து பிளக்குகளைக் கழற்றுங்கள். இலையின் முக்கால் நீளத்தில் கோடு போட்டு, ஒவ்வொன்றையும் ஒரே பக்கம் கிடையாக நிறுத்தி டிஜிட்டல் கோணமானியால் அளங்கள். நான் ஒரு இலையை மறுபக்கம் நிறுத்தி அளந்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அதிர்வைத் தேடினேன்.

அப்புறம் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) இறுக்கி, விமானத்தின் வாலைக் கட்டி முழு திராட்டில் கொடுங்கள். சுற்று அதிகமானால் அரை டிகிரி கூட்டுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் போல்ட்டை மறுபடி பாருங்கள்.