ஜெபத்துக்கு முன் காலண்டர் தாளில் ஒரு வரி

இரவு ஜெபத்துக்கு முழங்கால் போட்டதும் நம்மில் பலருக்கு முதலில் வாயில் வருவது குறைதான். எனக்குப் பலன் தந்த வழி ஒன்று: தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளை எறியாமல், அதன் பின்பக்கம் அன்றைக்குக் கிடைத்த ஒரு நன்மையை எழுதுங்கள். அதை வாசித்து நன்றி சொன்ன பிறகு மற்றதைக் கேளுங்கள்.

"எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று பொதுவாக எழுதினால் மனதில் ஒட்டாது. "மதியம் கரண்ட் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா குடிதண்ணீர் தந்தார்" என்று எழுதுங்கள். கடலூர்க்காரர்களுக்கு இது புரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்த நாட்களில், எங்கள் வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கே கண்கலங்கி நன்றி சொன்னோம். குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியதும் அது மறந்துபோனது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலரும் அப்படித்தான். தேவன் தினமும் தந்த மன்னா என்ற உணவு கையில் இருக்க, எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள் (எண்ணாகமம் 11).

துக்கத்தை மறைக்கச் சொல்லவில்லை. 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. ஆறே வசனத்தில் பாட்டாக முடிகிறது. பிலிப்பியர் 4:6-லும் விண்ணப்பம் இருக்கிறது, கூடவே ஸ்தோத்திரம் சேர்கிறது. பவுல் அதை எழுதியது சிறைக்காவலில் இருந்தபடி.

அப்புறம், தாள்களை வேதாகமத்துக்குள் செருகாதீர்கள், அட்டை பிய்ந்துவிடும். பழைய பிஸ்கட் டப்பா ஒன்று போதும். மனம் கனத்த இரவில் அதிலிருந்து நாலு தாளை எடுத்து வாசித்துவிட்டு ஜெபியுங்கள்.